பதினைந்தாவது பல்

காலையில் இரண்டாமாண்டுப் பையன் ஒருவன்
ஆய்வுக்கென்று தாள் கொண்டுவந்தான்.
நோயாளியின் ஒப்புதல் பற்றி அறிவீர்களா?
ஆம்.
நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கேள்விப்பட்டதுண்டா?
ஆம்.
இலவசமாய்ப் பார்த்தாலும் வழக்கு வருமா?
எபனேசரின் தாளை எட்டிப் பார்த்து
ஆம்.
இருபது கேள்விக்கு நாலு நிமிஷம்.

பிறகு கையுறை மாட்டினேன்.
இந்த மாதக் கணக்குக்குப் பதினைந்து பல்,
பதினாலு பிடுங்கியாயிற்று.
இன்று தேதி முப்பது.

உசிலம்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கி
இருபது ரூபாய்ச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு
நாற்காலியில் சாய்ந்தாள் ஒச்சாயி.
கீழ்த்தாடை, இடப்பக்கம், முதல் கடைவாய்.
குழி ஆழந்தான். வேர் உறுதி.
ஜன்னலில் நாகமலை; அந்த வெளிச்சத்தில்
எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தபோதே
தெரிந்துவிட்டது காப்பாற்றலாம் என்று.
தெரிந்ததை ஃபிலிமோடு சேர்த்துக்
கவருக்குள் போட்டேன்.

எங்கள் வழக்கம் இது:
ஊசியைப் போட்டுவிட்டு
உதடு மரத்துவரும் அந்த ஐந்து நிமிஷத்தில்
கையெழுத்து வாங்குவது.
மௌனம் சம்மதம் என்பார்களே,
அதற்கு எங்களிடம் மருந்து இருக்கிறது.
இரண்டு மில்லி.

இன்று மருந்து தீர்ந்து
ஸ்டோருக்குப் போன சிஸ்டர் திரும்பவில்லை.
அதனால் தாள் முந்திக்கொண்டது.

மைப்பெட்டியில் அழுத்திய பெருவிரலை
தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தி
"என்ன தாயி எழுதிருக்கு?"
பல் எடுக்கச் சம்மதம்னு.
"அம்புட்டும் அதுதானா? ரெண்டு பக்கம் இருக்கே."

இங்கிலீஷில் பதினெட்டு வரி.
முந்நூறு பேரிடமாவது நீட்டியிருப்பேன்,
ஒருநாளும் வாசித்ததில்லை.
எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி
வரியின்மேல் விரல் வைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.
ரத்தம் வரலாம். வீங்கலாம்.
உதடு சில நாள், அபூர்வமாய்ச் சில மாதம்
உணர்ச்சியற்றுப் போகலாம்.
("இதெல்லாமா?" என்றாள், என்னோடு சேர்ந்து
நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.)
ஒன்பதாவது வரியில் நாக்கு நின்றது.

வேறு வழிகள் எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டன.

"என்ன வழி?"

கவரிலிருந்து ஃபிலிமை வெளியே எடுத்தேன்.
வேருக்கு மருந்து வைக்கலாம், மூன்று தடவை வரணும்,
ஆயிரத்து இருநூறு ஆகும், பல் இருக்கும்.
சொன்ன குரல்
வைவாவில் மாட்டிக்கொண்டவளின் குரல்.

அவள் என்னைத் திட்டவில்லை.
மூணு நாள் கூலி, போக வர பஸ்,
எண்ண எண்ண மை விரல்விரலாக ஏறியது.
நாக்கால் அந்தப் பல்லை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்,
கன்னத்துக்கு வெளியே அது தெரிந்தது.
"யோசிச்சு வெள்ளிக்கெழம வாரேன்."
எழுந்து நாலடி போய்த் திரும்பி,
"இந்தச் சீட்டு அன்னைக்கும் செல்லுமா?"

யார் நுகர்வோர் என்று
ஐந்து மார்க்குக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.
சீட்டு எத்தனை நாள் செல்லும் என்று தெரியவில்லை.
கவுண்ட்டரில் போய்க் கேட்டு வந்து சொன்னேன்:
பதினைந்து நாள்.

சிஸ்டர் மருந்தோடு வந்தபோது நாற்காலி காலி.
பதிவேட்டில் 'மறுத்தார்' என்றொரு கட்டம் இருக்கிறது,
அட்டை கிழிந்த அந்த நோட்டில் முதல் ஆளாக
ஒச்சாயி என்று எழுதி
மறுத்தாரா, யோசிக்கிறாரா எனத் தெரியாமல்
ஒரு கேள்விக்குறி போட்டேன்.
பதினாலு பதினாலாகவே இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பையன் மறுபடி வந்தான்.
"அக்கா, மொதப் பக்கத்துல கையெழுத்து விட்டுப்போச்சு."
விவரங்களைப் படித்துப் புரிந்துகொண்டு
இந்த ஆய்வில் பங்கேற்க மனமாரச் சம்மதிக்கிறேன்.
பேனாவைத் திறந்து, மூடி,
இரு, வாசித்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.

ஒற்றைக்காலில் நின்றான்.
இன்னும் நாற்பது பேர் பாக்கியாம்.