தீர்மானம் எண் 7, இணைப்புடன்

அடங்கலில் கருமுழிப் பள்ளத்துக்கு
ஒரே ஒரு சொல்தான்: தரிசு.
சர்வே எண் 418/2பி.
பூண்டு போடவில்லை, கேரட் போடவில்லை,
ஆகவே தரிசு.
கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கிற தரிசு.
சித்திரையிலும் ஏழு தெருக்குழாய்க்குத்
தண்ணீர் விடுகிற தரிசு.

மன்னவனூர்ப் பக்கம், கொடைக்கானலுக்கு மேற்கே
ஒரு சின்ன ஊராட்சியின் செயலர் நான்.
தீர்மானம் எழுதுவது என் வேலை.
"மேற்படி நிலத்தில் விடுதி கட்ட
ஆட்சேபணை உண்டென ஏகமனதாக" என்று
மூன்று தடவை எழுதினேன்.
மூன்று தடவையும் ஒரே பதில்:
எதன் அடிப்படையில்?

சவரியப்பன் வந்தான்.
வத்தலக்குண்டில் லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவன்,
இங்கே பெண் எடுத்தவன்.
துணி வாங்கக் காசில்லை.
யாருடைய பிறந்தநாளுக்கோ கட்டிய பேனரைத்
திருப்பிப் போட்டோம்.
இருபதடி வெள்ளை.
கும்பிட்ட கைகள்
தரையைப் பார்த்துக் கிடந்தன.

பள்ளத்துச் சேற்றையே பசையில் குழைத்தான்.
நிழலுக்கு அடுப்புக்கரி.
காட்டுப்பூவரசின் சிவப்புக்கு மட்டும்
லாரி பெயின்ட்.

"தவளை எங்க முட்ட விடும்?"
அவன் கேட்டபோதுதான்
எங்களுக்குத் தெரியாதென்பது தெரிந்தது.
டார்ச் எடுத்துக்கொண்டு போனோம்,
வார்டு உறுப்பினர் இருவர்,
டேங்க் ஆபரேட்டர் வெயிலுமுத்து, நான்.
புல்லுக்குள் விரல்நுனி அளவுக்கு ஒரு சத்தம்.
அழுகண்ணியில் ஒட்டிய பூச்சி
இன்னும் காலசைத்துக்கொண்டிருந்தது.
பதினாறு வருஷம் இதே பள்ளத்துக்கு
வரைபடம் இணைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
ஒரு புள்ளிக்கோடு.
அவ்வளவுதான் அது என்னிடத்தில்.

கிராம சபை அன்று கோரம் குறையவில்லை.
படத்தை விரித்ததும்
தீர்மானத்தைப் படி என்று ஒருவரும் சொல்லவில்லை.
"என் கொழாய் இங்கருந்து" என்று பொம்மியக்காள்
பெருவிரலை மையில் அழுத்தி
நீர் பிரிகிற இடத்தில் வைத்தாள்.
பிறகு வரிசை.
கேரட் கழுவுகிறவர்கள் கீழ்மடையில்.
மாடு மேய்க்கிற தங்கையா புல்வெளி ஓரத்தில்.
விடுதிக்கு நிலம் பேசிக்கொடுத்த தரகர்
வெகுநேரம் நின்றார்.
அவர் வீட்டுக்கும் இதே தண்ணீர்தான்.
கடைசியில் ஓர் ஓரமாகப்
பாதி விரல் வைத்தார்.

நூற்றுப் பன்னிரண்டு கைநாட்டு.
தவளை முட்டை இருந்த இடத்தில் மட்டும்
ஒருவரும் வைக்கவில்லை.
அதை நான் தீர்மானத்தில் எழுதவில்லை.
எழுதியிருக்க வேண்டும்.

கலெக்டர் ஆபீசிலிருந்து திரும்பி வந்தது:
"இணைப்பை ஏ-ஃபோர் அளவில்
மூன்று பிரதிகளாக அனுப்பவும்."
சிரித்தோம்.
நகலெடுக்கும் கடையில் விலை கேட்டபிறகு
சிரிக்கவில்லை.

ஐப்பசியில் கோட்டாட்சியர் அம்மா நேரில் வந்தார்.
நல்ல மழை.
சமுதாயக் கூடத்தைவிடப் படம் நீளம்,
சுவரோரம் மடங்கிக் கிடந்தது.
418/2பி எங்கே என்றார்.
நடுவில், என்றேன்.
நடுவுக்குப் போக வேறு வழியில்லை.

குனிந்தார்.
ஷூ நாடாவை அவிழ்த்தார்.
யாரும் சொல்லவில்லை.
ஓடிவந்த டபேதாரைக் கையமர்த்திவிட்டு,
சாக்ஸோடு,
கைநாட்டு இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்து
சேற்றில் நடக்கிறவரைப்போல நடந்தார்.
ஒரு வெற்றிடம் கண்டு
அங்கே கால் வைக்கப் போனவர்
தூக்கிய காலோடு கேட்டார்,
"இது ஏன் காலியா இருக்கு?"
சொன்னோம்.
சுற்றிப் போனார்.

உத்தரவு இன்னும் வரவில்லை.
வழக்கு மதுரையில், வாய்தாமேல் வாய்தா.
அடங்கலில் இன்றைக்கும் தரிசு.
படம் பஞ்சாயத்து பீரோவின் மேல் சுருட்டிக் கிடக்கிறது,
ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது.

ஆய்வுப் பதிவேட்டில் அன்றைக்கு
தேதி, நேரம், வந்தவர் பெயர் எழுதினேன்.
குறிப்பு என்கிற கட்டம் ரொம்பச் சிறியது.
"காலணி கழற்றப்பட்டது"
என்று மட்டும் எழுதி
சீல் வைத்தேன்.