எதிர்எடை

இரண்டு பத்துக்குப் பதினொன்றாம் மாடி டாக்சிக்காரர்.
கதவு திறக்கையில் அடியில் ஒரு முனகல்:
உருளை தேய்ந்திருக்கிறது, இன்னும் இரண்டு மாதம் தாங்கும்.
இரண்டு நாற்பதுக்கு நான்காம் மாடி,
பொத்தானை மூன்று முறை அழுத்தும் அவசரக்காரர்.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
ஈஷூன் தூங்குகிறது.
லிஃப்ட் பழுது பார்ப்பவன்
லிஃப்டை ஒட்டிய வீட்டை வாங்கக் கூடாது என்று
அன்றைக்கே சொன்னாள் கிறிஸ்டபெல்.
விலை குறைவு என்று நான்தான் வாங்கினேன்.

புக்கிட் பாத்தோக்கில் அந்த லிஃப்ட்
அரை மாடி சறுக்கி நின்றது.
அரை மாடிதான்.
உள்ளே திரு. குவெக், வயது எழுபத்தெட்டு,
சீனப்புத்தாண்டு ஆரஞ்சுப் பையோடு.
இடுப்பெலும்பு.
நான் கதவை நெம்பித் திறந்தபோது
வலியைச் சொல்லாமல் அவர்
தரையில் உருண்டவற்றை எண்ணிக்கொண்டிருந்தார்.
ஏழு. எட்டாவதைக் காணோம்.
ஒற்றைப்படையில் கொண்டுபோகக் கூடாதாம்
மகள் வீட்டுக்கு.
நான் திறந்த இடைவெளி வழியாகத்தான்
அது குழிக்குள் விழுந்திருக்க வேண்டும்.
மறுநாள் இறங்கிப் பார்த்தேன்:
வெடித்துக் கிடந்தது.
கிரீஸ் நாறும் அந்த இருட்டில்
ஒரு பழம் அவ்வளவு மணக்குமா!

பிரேக் உதிரிப்பாகத்தில் குறை என்று
விசாரணை முடிந்தது.
என் கையெழுத்து தப்பித்துவிட்டது.
நான் மட்டும் உள்ளேயே நிற்கிறேன்,
இரண்டு மாடிக்கு நடுவில்.

"ஜெபம் பண்ணிட்டுப் படுங்க"
என்பாள் பாதித் தூக்கத்தில்.
பண்ணத்தான் செய்கிறேன்.
ஆண்டவரே என்று தொடங்கி
பராமரிப்புப் பட்டியலில் போய் முடிகிறது:
பிரேக் லைனிங், கவர்னர் கயிறு, கதவுப் பூட்டு,
சரி, சரி, சரி,
ஆமென்.

கூத்து என்னவென்றால்
ஞாயிறு தமிழ் ஆராதனையில் மட்டும் தூக்கம் வருகிறது.
போதகர் இளைப்பாறுதலைப் பற்றிப் பேசத் தொடங்குமுன்
நான் இளைப்பாறிவிட்டிருந்தேன்.
கிறிஸ்டபெல் கிள்ளி எழுப்பினாள்.
பார்த்தால்
சுவர் விசிறி என் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.
யார் என்று கேட்கவில்லை.

மூன்று மணி.
டாக்சிக்காரரை இறக்கிவிட்ட பெட்டி
பதினொன்றிலேயே நிற்கும் இப்போது.
அப்படியானால் எதிர்எடை அடியில்.
இருபத்திரண்டு வருஷமாக அதன் தண்டவாளத்துக்கு
எண்ணெய் போடுகிறேன்.
ஏறுகிற ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.
பெட்டி மேலே போகும்போதெல்லாம்
அது கீழே போகிறது,
பின்சுவரை ஒட்டி, சத்தமில்லாமல்,
ஈரத்துக்கும் இருட்டுக்கும்.

படுத்தபடியே மூச்சு நின்றது எனக்கு.
யாரோ இறங்குவதால்தான் ஏறுகிறோம்.
வாரந்தோறும் விசுவாசப்பிரமாணத்தில்
எல்லோரோடும் சேர்ந்து ஒப்பித்துவிட்டு
சாப்பாட்டுக் கூடத்துக்கு விரைகிறேனே,
அந்த இறங்குதல்.

பெட்டிக்குள் நிற்பவர்
தன்னைத் தானே தூக்கிக்கொள்வதில்லை.
கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாலும் அதே வேகம்,
விட்டாலும் அதே வேகம்.
இதைப் பயணிகளுக்கு எத்தனை முறை
சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.

தப்பு என்னுடையதா, ஆண்டவரே,
எனக்கு இன்னும் தெரியாது.
திரு. குவெக் ஊன்றுகோலோடு நடக்கிறார்,
என்னைக் கண்டால் தலையசைக்கிறார்,
அதுவும் எனக்குப் போதவில்லை.
இந்தத் தெரியாததை
நீர் இறங்கி நிற்கிற இடத்தில் வைக்கிறேன்,
அந்த ஆரஞ்சுக்குப் பக்கத்தில்.
பட்டியல் வேண்டாம் இன்றைக்கு.
கைப்பிடியை விட்டுப் பார்க்கிறேன்.

ஐந்து மணிக்குப் பேப்பர்காரர் வந்திருப்பார்.
எந்தெந்த மாடியில் நின்றது என்று
தெரியாது.