குறைந்தபட்சப் பராமரிப்பு

மஞ்சள் பலகை. அதில் மூன்று துப்பாக்கித் துளைகள்.
"குறைந்தபட்சப் பராமரிப்புச் சாலை.
செல்வது உங்கள் பொறுப்பு."
அதற்கப்பால் நான்கு மைல்
நெப்ராஸ்காவின் மண், வேறொன்றுமில்லை.

பிக்கப்பை ஓரங்கட்டி
மடிக்கணினியை ஸ்டியரிங்கில் சாய்த்திருக்கிறேன்.
யாரும் வரையலாம், யாரும் திருத்தலாம் என்ற உலகப்படம்
என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று:
சாலையா, தடமா?

என் பிழைப்பு ஆலங்கட்டிச் சேதம் மதிப்பிடுவது.
கிழிந்த சோளத்தோகையைத் திருப்பிப் பார்த்து
முப்பத்தைந்து சதவீதம் என்பேன், கை நடுங்காது.
இங்கே சதவீதம் கிடையாது.
சாலை என்றால் வெள்ளைக் கோடு,
தடம் என்றால் பழுப்புப் புள்ளிகள்.

முதலில் சாலை என்று போட்டவன் நான்தான்.
அது ஆகஸ்ட். மண் சுட்ட ஓடாய் இறுகிக் கிடந்தது.
நாற்பது மைல் வேகத்தில் போனேன்,
கோப்பையில் காபி தளும்பவில்லை.
என் நேர்மைக்கு அந்தக் காபியே சாட்சி.

ஏப்ரலில், என் வெள்ளைக் கோட்டை நம்பி
ஒரு லாரி வந்தது. நானூறு தேனீப்பெட்டிகள்.
கலிஃபோர்னியாவில் பாதாம் பூ முடிந்து
வடக்கே போகிற தேனீக்கள்.
இரண்டாவது மைலில் அச்சு வரை இறங்கிவிட்டது.
நனைந்தால் இந்த மண்ணுக்கு வேறு குணம்:
டயரில் ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும்,
கடைசியில் டயர் எது மண் எது என்று தெரியாது.
இழுக்க வந்த டிராக்டரை இழுக்க
இன்னொரு டிராக்டர் வந்தது.
வலை கிழிந்து, குளிரில்,
பூவே இல்லாத வேலிக்கம்பிகளில்
கொத்துக் கொத்தாய்த் தேனீக்கள்.
ஓட்டுநர் எவாரிஸ்தோ வானொலியை நிறுத்தி
கேபினுக்குள் கண்ணாடியை ஏற்றி உட்கார்ந்திருந்தாராம்,
ஒன்பது மணி நேரம்.

யாரும் என்னைத் திட்டவில்லை.
கோட்டைப் போட்டது யாரென்று யாருக்குத் தெரியும்?
அன்றிரவே மாற்றினேன்: தடம்.

கவுண்ட்டியின் மண்வாரி ஓட்டும் ஆர்லிஸ் கோவாண்டாவிடம் கேட்டேன்,
எத்தனை முறை சீர் செய்கிறீர்கள்?
"வருடத்துக்கு ஒன்று. மே மாதக் கடைசித் திங்களுக்கு முன்.
மூன்றாவது மைலில் கல்லறை இருக்கிறதே,
பூ வைக்க ஐந்து பேர் வருவார்கள்.
இந்த வருடம் நாலு.
ஐந்தாமவர் அங்கேயே தங்கிவிட்டார்."
சொல்லிவிட்டு பிளேடில் ஒட்டிய புல்லைக்
காலால் தட்டினாள்.

செப்டம்பரில் தொலைபேசி. டார்லா வ்ருப்கா,
நான்காவது மைலில் இருக்கும் ஒரே வீடு.
பள்ளிப் பேருந்துக்குப் புது ஓட்டுநர்;
வழி சொல்லும் குரல் தடத்தைத் தவிர்த்து
பதினெட்டு மைல் சுற்றி
மூடிய பாலத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.
தபால்பெட்டியடியில் அவள் பிள்ளைகள் இரண்டும்
முக்கால் மணி நேரம்.

கத்துவாள் என்று நினைத்தேன்.
"ஏப்ரலில் நாங்களே வெளியே போகமாட்டோம்,
மாவும் மருந்தும் மார்ச்சிலேயே வாங்கிவிடுவேன்.
செப்டம்பரில் என்ன கேடு?
தூசிதான். தூசியில் யார் புதைந்தார்கள்?"

அவள் சொல்வதும் சரி.
எவாரிஸ்தோவின் ஒன்பது மணி நேரமும் சரி.
போகப் போகத்தான் தெரியும் என்பதற்கு
வரைபடத்தில் நிறம் இல்லை.

அதனால் சிறு கட்டங்களை நிரப்புகிறேன்.
மேற்பரப்பு: மண்.
காய்ந்தால்: எந்தக் காரும்.
நனைந்தால்: எதுவும் வேண்டாம்.
குறிப்பு என்ற கட்டத்தில்
"பலகையை வாசிக்கவும்" என்று எழுதி,
அழித்து,
"வானத்தை வாசிக்கவும்" என்று எழுதி,
அதையும் அழித்தேன். கவிதை எழுத இடமில்லை அது.
"டார்லா வீட்டுக்கு இதுதான் வழி"
என்பதை மட்டும் விட்டுவைத்தேன்.

மேலே இன்னும் அந்தக் கேள்வி நிற்கிறது.
சாலை என்பதில் விரலை வைத்தபோது
மேற்கே சோளத்துக்கு மேல் கறுத்து வந்தது.
முதல் துளி கண்ணாடியில்.
கணினியை மூடி, வண்டியைத் திருப்புகிறேன்.
இன்னும் இருபது நிமிடத்துக்கு
இது சாலை.