அஸ்தம்பட்டி

என் பேர் செண்பகம்.
ஆடிப் பதினெட்டுக்கு மறுநாளிலிருந்து
அவர் என்னை அஸ்தம்பட்டி என்று கூப்பிடுகிறார்.
கோபம் வந்தால் கோரிமேடு.

இருபத்தாறு வருஷம் ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர்.
மூளையில் ஒரு சின்னக் குழாய் அடைத்துக்கொண்டதில்
வலது கை போனது, பாதி வந்தது.
பேச்சு போனது,
ரூட் மட்டும் வந்தது.
பழைய பஸ் ஸ்டாண்டு, கலெக்டர் ஆபீஸ், அஸ்தம்பட்டி,
கோரிமேடு, அடிவாரம்:
ஒரு நிறுத்தம் தவறாது.
தண்ணீர் கேட்க வேண்டுமென்றால்தான்
வாயைத் திறக்கிறார், மூடுகிறார்,
இடது கையால் காற்றில் எதையோ கிழித்து நீட்டுகிறார்.

புத்தி பிசகிடுச்சு என்றாள் நாத்தனார்.
பெரியாஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற
நிலோஃபர் ஒப்பவில்லை.
நாலு படம் பரப்பி, சீப்பு எது என்றாள். தொட்டார்.
பூட்டு? தொட்டார்.
சீப்பைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்றாள்.
என்னைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார்,
"இறங்கு" என்றார்.
சரக்கெல்லாம் குடோன்ல பத்திரமா இருக்கு அக்கா,
எடுத்துட்டு வர்ற ஆளுதான் வழி தடுமாறுறான் என்றாள்.
எண்ணச் சொன்னால் எண்ணுகிறார்,
ஒன்று இரண்டு என்று இருபது வரை.
அதற்குமேல் மலையில் வளைவு கிடையாது.

இடது கையால் மேசையைத் தட்டித் தட்டி
இழுத்துச் சொல்லச் சொன்னாள்: செண். ப. கம்.
கை சரியாகத் தட்டியது.
வாய் அஸ்தம்பட்டியில் போய் நின்றது.
மூணு பேரும் சிரித்தோம். அவர் மட்டும்
சிரிப்பை நிறுத்த முடியாமல் அழுதார்.

என் கதை வேறு.
அம்மாபேட்டையில் பத்தொன்பது வருஷம் விசைத்தறி,
ஒரே தகரக் கூரைக்குக் கீழே எட்டு.
முதலில் குருவி போனது.
அப்புறம் குக்கர் விசில்.
அப்புறம் சட்டியும் கட்டியும் தட்டியும் ஒரே சொல்லானது.
குரல் கேட்கும், சேதி கேட்காது.
உதட்டைப் பார்த்தே பிழைத்தேன்.
அவர் உதடு எனக்கு மனப்பாடம்,
இப்போது அதுவும் வேறு ஊர் போகிறது.

பார்க்க வருகிறவர்கள்
நன்றாகக் காது கேட்கிற அவரிடம் கத்துகிறார்கள்.
என்னிடம் குசுகுசுக்கிறார்கள்.

வெறும் தண்ணீர் அவருக்கு ஆகாது,
வழி மாறி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.
பவுடர் கலந்து கூழாக்கி,
தாடையை நெஞ்சோடு சேர்த்து ஒரு ஸ்பூன்,
அப்புறம் வெறும் வாயை இன்னொரு விழுங்கு,
அப்புறம் "ஆ".
அந்த ஆ ஈரமா இருக்கான்னு கேளுங்க என்றாள் நிலோஃபர்.
யாரிடம் சொல்கிறாள்!
நான் அவர் தொண்டையில் கை வைத்துப் பார்க்கிறேன்.
மசித்த மல்கோவாவுக்கு முகம் திருப்புகிறார்.
கண்ணெல்லாம் தெருமுனையில், தட்டுவடை செட் வண்டியில்.
நொறுங்குகிற எதுவும் இப்போதைக்குக் கூடாதாம்.

ராத்திரிதான் சிக்கல்.
பழைய விசிலை எடுத்து ஊதினார்.
வலது ஓரமாகக் காற்று ஒழுகியது.
ஒருவழியாகச் சத்தம் வந்த அன்று
தெரு நாய் எழுந்தது, நான் எழவில்லை.
பட்டறையிலிருந்து பாவு நூல் கொண்டுவந்து
எட்டுப் பிரியாக முறுக்கினேன்.
ஒரு முனை அவர் இடது மணிக்கட்டில்,
மறுமுனை என் கால் கட்டைவிரலில்.
ஒரு இழுப்பு, நில்.
இரண்டு, போலாம் ரைட்.
இதை அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நேற்று விடியப் போகிற நேரம்
மூன்று இழுப்பு.
பஸ்ஸில் மூன்றுக்கு விதி இல்லை.
லைட்டைப் போட்டேன்.
ஒன்றுக்கா? இல்லை.
வலியா? இல்லை.
தண்ணீர்தான் என்று பவுடர் கலக்கிக்கொண்டு வந்தேன்.
தலையை ஆட்டிவிட்டு மறுபடி இழுத்தார்,
மூன்று, ஒவ்வொன்றாக, நிதானமாக.
நேரமாச்சு, தூங்குங்க என்றேன்.

கலக்கிய தண்ணீரை வீணாக்குவானேன்.
தாடையை நெஞ்சில் வைத்து
நானே ஒரு ஸ்பூன் விழுங்கிப் பார்த்தேன்.
அவ்வளவு சுலபமில்லை.