நாலாம் கொட்டகை

மெஹ்ராபாத் விமான நிலையத்தின் நாலாம் கொட்டகையில்
ஒரு விமானம் பதினாறு வருடமாய் நிற்கிறது.
நாங்கள் வைத்த பெயர் ஃகாலே.
எங்கள் பேச்சில் அதற்குச் சித்தி என்று பொருள்.
கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவள்.

முதலில் ஒரு எரிபொருள் பம்பு கேட்டோம்.
தப்ரீஸில் இறங்கிய விமானமொன்று
எழ மாட்டேனென்று உட்கார்ந்துவிட்டது.
'இரண்டு நாளில் திருப்பித் தரப்படும்' என்று
பதிவேட்டில் பென்சிலால் எழுதினேன்.
பேனா சட்டைப்பையிலேயே இருந்தது,
ஆனாலும் பென்சிலால்.
கடலுக்கு அப்பால் யாரோ ஒருவர்
காலை காப்பிக்குப் பிறகு மனம் மாறிவிடுவார் என்று
அன்றைக்கு நம்பினோம்.

பிறகு இடப்பக்கச் சக்கரங்கள்.
பிறகு வலப்பக்கம்.
மூக்குக்குள்ளிருந்த ரேடார்.
விமானி அறையிலிருந்து ஒவ்வொரு முள்ளாய், ஒவ்வொரு விளக்காய்.
இப்போது மரக்கட்டைகள்மேல் நிற்கிறாள்.
ஜன்னல் கழற்றிய ஓட்டைகளில் சிட்டுக்குருவிகள்.
எண்ணிப் பார்த்துவிட்டு ஃபரிபோர்ஸ் சொன்னான்:
இந்த வருடம் இருக்கை முழுக்க நிரம்பிவிட்டது.

தடை போட்டவர்களின் தாளை நான் படித்திருக்கிறேன்.
'இது சாதாரண மக்களுக்கு எதிரானதல்ல'
என்றுதான் ஆரம்பிக்கும்.
நல்ல தாள். நல்ல அச்சு.
எட்டாம் பக்கத்தில், நாற்பத்தேழாவது வரியில்,
திருகாணி, டைட்டானியம், சகல அளவும்.
சுண்டுவிரல் நகமளவு ஒன்றை
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
இதை எடுத்துக்கொண்டு
எந்த நாட்டின்மேல் நான் படையெடுக்க?

அமைச்சர்மார் பறக்கும் விமானம்
ஒன்றாம் கொட்டகை.
அதற்கு எல்லாம் வரும்.
துபாய் வழியாக,
குளிர்சாதனப் பெட்டியின் உதிரி என்று பெயர் மாற்றி,
நாலு மடங்கு விலையில்,
எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல்.
கல்லை மாளிகையைப் பார்த்துத்தான் எறிந்தார்கள்,
நான் மறுக்கவில்லை.
நடுவில் எங்கள் தலைகள் இருந்தன,
அவ்வளவுதான்.

போன குளிர்காலத்தில்
தயாரித்த கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன்.
உதிரி கேட்கவில்லை. ஒரு எண் கேட்டேன்.
வால்பக்கத்துக் கீலின் திருகை
எவ்வளவு இறுக்க வேண்டும்?
எங்களிடம் இருக்கும் கையேடு பழசு,
புதுசு எங்களுக்கு விற்கப்படாது.

ஏழு வாரம் கழித்து ஒரு பெண்ணிடமிருந்து பதில்.
'உங்கள் கடிதம் வந்ததை ஒப்புக்கொள்ள
எனக்கு அனுமதியில்லை.
மேற்கொண்டு எழுத வேண்டாம்.'
தட்டச்சு எழுத்து, முத்திரை, தேதி.
தாளைத் திருப்பினால்
பின்பக்க மூலையில்
பென்சிலால், மிகச் சிறிதாக:
42.

அவள் பெயர் எனக்குத் தெரியாது.
கையெழுத்து வெறும் கோடு.
அவளுக்குக் குழந்தை இருக்குமா,
வேலை இன்னும் இருக்குமா,
அந்த எண்ணை எழுதும்போது
அறைக் கதவைத் திரும்பிப் பார்த்திருப்பாளா?

இன்று காலை அஹ்வாஸ் விமானம்.
வாலில் இருப்பது ஃகாலேயின் கீல்.
நாற்பத்திரண்டு. மூன்று முறை சரிபார்த்தேன்.
பதினேழு ஏ-வில் என் மகள் திலாரா,
பல் மருத்துவப் பரீட்சைக்குப் போகிறாள்.
ஜன்னலோரம் வேண்டுமென்று அடம்பிடித்தாள்.
அந்த ஜன்னலும் சித்தி கொடுத்ததுதான்,
அதை அவளிடம் சொல்லவில்லை.

'பறக்கத் தகுதியுடையது' என்ற கட்டத்தில்
கையெழுத்துப் போட்டேன்.
என் கையெழுத்து இப்படிக் கோணலாய் இருந்ததில்லை.

ஒரு மணி இருபது நிமிடப் பயணம்.
ஃபரிபோர்ஸ் தேநீர் கொண்டுவந்து வைத்தான்.
கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
முதல் பக்கத்தில் 'இரண்டு நாளில்'
தடவினால் மட்டும் தெரிகிற அளவு
மங்கியிருந்தது.

பென்சிலைச் சீவினேன்.
அதே எழுத்துகளின் மேலேயே
மெதுவாக, திரும்பவும் எழுத ஆரம்பித்தேன்.
குருவிகள் கத்திக்கொண்டிருந்தன.