ஒத்தையா ரெட்டையா

காலை ஐந்தே முக்காலுக்கு
மேலாளரிடமிருந்து வந்துவிடும்
சூரியகாந்திப் பூவின் மேல் எழுதிய வாசகம்:
இன்று முழுக்க பாசிட்டிவாக இருங்கள்.
லேப் குரூப்பில் பதினோரு பேர்.
பதினோரு பேரும் கும்பிடு பொம்மை போட்டுவிட்டு
ஹெல்மெட் மாட்டுவோம்.

எங்கள் தொழிலில் அது கெட்ட வார்த்தை, சார்.
டெங்கு பாசிட்டிவ். காமாலை பாசிட்டிவ்.
அந்தச் சொல்லை உறையிலிட்டு ஒட்டி
எத்தனை வாசலில் நீட்டியிருக்கிறேன்.
நெகட்டிவ் என்றால்தான்
இரு, டீ போடறேன் என்பார்கள்.

கொடுங்கையூரில் நான்கு வீடு, எழில் நகரில் ஐந்து.
வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்களின் கையைத் தட்டி
நரம்பு தேடி எடுத்த ஒன்பது குழாய் ரத்தம்
ஸ்கூட்டியில் என் காலடியில்,
நீலப் பெட்டிக்குள், ஐஸோடு.
எட்டுக்குள் தண்டையார்பேட்டை சேர வேண்டும்.
நடுவில் இருக்கிறது
கொருக்குப்பேட்டை கேட்.

மூடியிருக்கும்.
நான் வருவதைப் பார்த்துத்தான் மூடுகிறார்கள் என்று
முதல் வருஷம் முழுக்க நம்பினேன்.
எண்ணெய் டேங்கர், கரி, கன்டெய்னர்,
பிறகு ஒன்றுமே ஏற்றாத வெறும் வண்டிகள்,
யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல.
கோபத்தில்தான் எண்ண ஆரம்பித்தேன்,
புகார் எழுதிப் போட.
புகார் எழுதவில்லை.
எண்ணுகிற பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

பக்கத்தில் வந்து நிற்பார் முட்டைக்கார ஜபருல்லா.
எக்ஸெல் வண்டியில் பன்னிரண்டு தட்டு,
தட்டுக்கு முப்பது.
முந்நூத்தி அறுபது கவலை என்பார்.
இன்னா ரத்தம்மா, ஒத்தையா ரெட்டையா?
கார்டு பெட்டி தாண்டியதும்
தோற்றவர் டீக்காசு.
பிரெட் வண்டிப் பையன் சேர்ந்துகொண்டான்.
நைட் டூட்டி முடித்த ஒரு செக்யூரிட்டியும்,
கண்ணைத் தேய்த்துக்கொண்டே.
கேட் திறந்தே கிடந்த ஒரு புதன்கிழமை
என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

எல்லா நாளும் இப்படி இல்லை.
சித்திரையில் ஐஸ் உருகி
ஒரு குழந்தையின் குழாய் கெட்டுப்போனது.
திரும்பிப் போய்
அதே கையில் மறுபடி குத்தினேன்.
அன்று ரயிலைத் திட்டினேன், எண்ணவில்லை.
எந்தப் பூவின் மேல் எதை எழுதினாலும்
அந்த அழுகை அழுகைதான்.

போன வாரம் என் பையிலிருந்த ஓர் உறை
ஜபருல்லா வீட்டுக்கு.
ஷமீமின் சளிப் பரிசோதனை.
உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும்.
அவர் கேட்டபோது ரெட்டை என்று சொல்லிவிட்டு
ரயில் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
என் வீட்டுது வந்துச்சா?
வந்தது என்றேன்.
இங்கயே குடு.
ஓரம் கிழித்துப் படித்தார்.
ரயில் போய்க்கொண்டிருந்தது.
அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க
டேங்கர்களைப் பார்த்தேன்.
முப்பதுக்கு மேல் என் கணக்கு தவறியது.

கார்டு பெட்டி தாண்டியது.
அம்பத்தேழு என்றார். ஒத்தை. நீதான் தோத்த.
குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.
காகிதத்தை நான்காக மடித்து
சட்டைப் பைக்குள் வைத்தார்.

மாத்திரை ஆறு மாசமாமே.
ஆமாம், விடாமல் சாப்பிடணும்,
கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் காசில்லை என்று
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.
தன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு
இன்னொன்று பார்சல் கட்டச் சொன்னார்,
சர்க்கரை தூக்கலாக.
அதற்கும் நான்தான் கொடுத்தேன்.
வண்டியை உதைத்தபோது தட்டு ஆடி
ஒரு முட்டை உடைந்து ஒழுகியது.
குனிந்து பார்த்தார்.
முந்நூத்தி அம்பத்தொம்போது என்று சொல்லிவிட்டு
தண்டவாளத்தின் மேல் மெதுவாக ஏற்றி இறக்கிப் போனார்.

மறுநாள் செம்பருத்திப் பூ வந்தது.
பத்துப் பேர் கும்பிட்டார்கள்.
நான் ஐம்பத்தேழு என்று அனுப்பினேன்.
மேலாளர் ஒரு கேள்விக்குறி போட்டார்.
பதில் எழுத நேரமில்லை.
பெட்டியில் ஐஸ் நிரப்பிக்கொண்டிருந்தேன்.