வெள்ளை அட்டை

துளசிராம்,
நீ அனுப்பிய விளையாட்டை முடித்துவிட்டேன்.
இரண்டு இரவு, ஒரு ஞாயிறு மதியம்.
நடுவில் ஒருமுறை கரண்ட் போய்
மூன்றாம் வீட்டிலிருந்து மறுபடி முதல் வீடு.
சேமிக்கும் இடத்தை ஏன் அவ்வளவு தூரத்தில் வைத்தாய்?
உன் பேய்கூட அத்தனை கொடுமை செய்யவில்லை.

மூடிய மில்லின் லைன் வீடுகள்.
பசுமலைப் பக்கம் என்று எங்கும் எழுதவில்லை,
ஆனாலும் குன்றின் முதுகு தெரிகிறது.
சரக்கு ரயில் போகையில்
ஜன்னல் கம்பி அதிரும் சத்தம்
திருநகரில் என் ஜன்னலுடையது.
என்றைக்கு வந்து பதிவு செய்தாய்?

அதில் நான் மீட்டர் கணக்கெடுப்பவள்.
கையில் டார்ச், காதோரம் பேனா.
கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்
வெள்ளை அட்டைதான் மொத்தக் கதையும்.
நூற்றுப் பத்து. நூற்றுப் பதினைந்து.
ஒரு கோடையில் இருநூற்று நாற்பது:
யாரோ காய்ச்சலில் கிடந்திருக்கிறார்கள்,
ஃபேன் இராப்பகலாக ஓடியிருக்கிறது.
பிறகு சைபர். சைபர். சைபர்.
பிறகு மூன்று.

மூன்று யூனிட், துளசி.
ஒன்பது வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில்
ஒரு நாற்பது வாட் பல்பு
எழுபத்தைந்து மணி நேரம் எரிந்திருக்கிறது.
பூட்டிய கதவுக்கு உள்ளே தொங்கும் அட்டையில்
அந்த மூன்றை யார் எழுதியது என்றும்
நீ சொல்லவில்லை.
ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு
அடுப்படி விளக்கைப் போட்டு வந்தேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
ஐந்தாம் வீட்டில் தலைவிரிகோலமாய் ஒருத்தி,
வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம்.
அவள் துரத்த, நான் ஓட,
மூன்று சாவி, நான்கு பேட்டரி,
தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு ஃபியூஸ்.
ஆறுமுறை செத்தேன்.
இரண்டாம் சாவிலேயே பயம் போய்விட்டது,
கட்டைவிரல் வலிதான் மிச்சம்.
ஒருமுறை அவள் கொல்லைக் கதவில் சிக்கி
நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தாள்.
பாவமாக இருந்தது.

கடைசியில் ஒரு குரல்
ஏழு நிமிடம் எல்லாவற்றையும் விளக்குகிறது,
யார், ஏன், எந்தத் தேதி.
பந்தி முடிந்த மண்டபத்தில்
அத்தனை ட்யூப்லைட்டையும் போட்டதுபோல்.

முடித்த பிறகு, சும்மாதான்,
என் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.
போன வருடம் மாசி வரைக்கும்
நூற்றெழுபது, நூற்றெண்பது.
சித்திரையில் தொண்ணூற்றொன்று.
அதற்கப்புறம் நூறைத் தொடவே இல்லை.
கணக்கெடுக்க வரும் பையனுக்கு
அன்றைக்கே தெரிந்திருக்கும்,
தெருவுக்குத் தெரியும் முன்பே,
என் அம்மாவுக்கு நான் சொல்லும் முன்பே.
ஒன்றும் கேட்கவில்லை.
எழுதினான், அட்டையைத் திருப்பி மாட்டினான், போனான்.

அவளை எடுத்துவிடு, துளசி.
சாவிகளை, அந்தக் குரலை.
ரயில் இருக்கட்டும்.